மனசு உண்டு என்றேன்

நான் பொய் சொன்னேன். ஒரே ஒரு சொல்தான். அந்தச் சொல்லால் ஒருத்தி கடல் கடந்து போனாள். என் ஊர் இரண்டாயிற்று. நான் மணக்கவிருந்தவர் ஏரிக்கு அக்கரை போனார், திரும்பி வரவேயில்லை.

இதை என் ஊரில் ஒருவருக்கும் நான் சொன்னதில்லை. உங்களுக்கு மட்டும் ஏன் சொல்கிறேன்? நீங்கள் என்னை அறியாதவர்கள். 'எல்லம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்' என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த ஒரு தைரியம்தான்...

பழவேற்காட்டுக் கோட்டையில் உலாந்தாக்காரர், அதாவது டச்சுக்காரர், கொடி பறந்த காலம் அது. ஏரி கடலில் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டி எங்கள் குப்பம். பெரிய கப்பல்கள் கரைக்கு வர மாட்டா. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அலையைத் தாண்டி அங்கே போய்ச்சேர எங்கள் படகுகள்தாம் வேண்டும். ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்த படகுகள். துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தோம். கூலியாக அரிசி வந்தது.

பிறகு பஞ்சம் வந்தது. மனிதர்களை ஏற்றச் சொன்னார்கள்.

தரகர்கள் அவர்களைக் கூட்டம் கூட்டமாக ஓட்டி வந்தார்கள். பசி தாங்காமல் தன்னையே விற்றவர்கள் உண்டு. வழியில் மடக்கிப் பிடிக்கப்பட்டவர்களும் உண்டு. கடலுக்கு அப்பால் ஏதோ தீவுகளில் வேலை என்றார்கள். போனவர்களில் ஒருவராவது திரும்பி வந்து அது எப்படிப்பட்ட வேலை என்று சொன்னதுண்டா? இல்லை!

ஏற்றலாமா, கூடாதா? ஊர் இதில் இரண்டுபட்டது. ஏற்றலாம் என்றவர்களுக்கு என் நைனா தலைவர்.

"நம்ம ஏத்தலேன்னா பக்கத்துக் குப்பத்தான் ஏத்தப்போறான். அடுப்புல பூன தூங்குது, இதுல பாவம் புண்ணியம் பாக்கச் சொல்றியா?" என்பார்.

கூடாது என்றவர்களுக்கு முன்னால் நின்றவர் சின்னையா. என் தாய்மாமன் மகன். எனக்கென்று பேசி முடித்தவர். "மீனப் புடிக்கிறவன், மனுசனப் புடிக்கிறவனுக்குத் துடுப்புப் போடலாமா மாமா?" என்று நைனாவின் முகத்துக்கு நேரே கேட்டார்.

அந்தச் சண்டையை எப்படிச் சொல்வேன்! ஒரு பக்கத்துப் பெண் தண்ணீர் எடுக்கும்போது மறு பக்கத்துப் பெண் ஊற்றுக்கு வர மாட்டாள். ஒரே படகில் பிழைத்த அண்ணனும் தம்பியும் அந்தப் படகின் கயிற்றை அறுத்தார்கள். பலகைகளைப் பிரித்து ஆளுக்குப் பாதியாக எடுத்துப் போனார்கள். பாதிப் படகை வைத்துக்கொண்டு இருவருமே கரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. முகத்துவாரம் பொல்லாதது. அதைக் கடக்கப் படகேறுகிறவர் யாராயிருந்தாலும், ஊர்ப்பெண் ஒருத்தி ஊற்றுத் தண்ணீர் கொடுத்து மூன்று தரம் கேட்பாள்: "மனசு உண்டா?" உண்டு என்றால்தான் துடுப்பு அசையும். மனமில்லாதவரை ஏற்றினால் அம்மன் படகைப் புரட்டிவிடுவாள் என்பது எங்கள் நம்பிக்கை. மணப்பெண்ணானாலும் வியாபாரியானாலும் கேட்போம். கட்டி இழுத்து வரப்பட்டவர்களை மட்டும் யாரும் கேட்டதில்லை.

சின்னையாதான் ஊர்க்கூட்டத்தில் எழுந்தார். "அவுங்களையும் கேப்போம். உண்டுன்னா நானே ஏத்தறேன். இல்லேன்னா யாரும் ஏத்தக்கூடாது."

இரண்டு பக்கமும் இதற்கு இசைந்தன. யார் கேட்பது? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பன் அந்தப் பக்கம், மாப்பிள்ளை இந்தப் பக்கம். இவள் யாருக்கும் ஓரம் பேச மாட்டாள் என்றார்கள். தண்ணீர் கொடுப்பவள் பொய் சொன்னால் ஊர்த் தண்ணீர் அவளுக்கு இல்லை. அன்றே வெளியேற வேண்டும். அதையும் நினைவூட்டினார்கள்.

அதன் பின் வந்த நாட்கள்... அவற்றுக்காகத்தான் நான் இன்றும் ஏங்குகிறேன். பசியில் வந்தவர்கள் 'அங்க சோறு போடுவாங்களா?' என்று கேட்டு, உண்டு என்றார்கள். சிலர் இல்லை என்றார்கள். அவர்களுக்காகப் படகு அசையவில்லை. தரகர்கள் கத்திப் பார்த்து, கட்டவிழ்த்து விட்டார்கள். ஒவ்வொரு முறையும் சின்னையா என்னைப் பார்த்துச் சிரிப்பார். உப்புப் பூத்த முகம், முன்பல்லில் ஒரு சிறிய உடைவு. "தையில நம்ம கல்யாணம் புள்ள. ரெண்டு பக்கமும் ஒரே பந்தியில குந்தும், பாரு" என்பார். நானும் நம்பினேன். அவ்வளவு ஆசையாக நம்பினேன்!

கோட்டையிலிருந்து ஆள் வந்தான். இன்னும் ஒருவரைத் திருப்பி அனுப்பினால் இந்தக் குப்பத்துக்கு அரிசியே கிடையாது என்றான். சின்னையாதான் பிடிபட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லக் கற்றுக்கொடுக்கிறான் என்று நைனா பக்கத்தார் முணுமுணுத்தார்கள். இன்னொரு 'இல்லை' வந்தால் ஒப்பந்தம் உடையும், திருமணமும் நிற்கும். எனக்கு அது தெளிவாகத் தெரிந்தது.

மறுநாள் காலையே அவள் வந்தாள்.

முழங்கை வரை சேறு, புடைவையெல்லாம் ஈரம். கழுத்தில் பனையோலைப் பறி தொங்கியது. ஏரியில் கையால் இறால் தடவுகிறவர்கள் அந்தக் கூடையைப் பல்லால் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுவார்கள். அதற்குள் இறால்கள் இன்னும் துள்ளிக்கொண்டிருந்தன. தன்னை விற்க வருகிறவள் உயிருள்ள இறாலோடு வருவாளா? கேட்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"மனசு உண்டா?"

"இல்லம்மா. காட்டூர்ப் பக்கம் எறா தடவினு இருந்தேன். பின்னாலேந்து புடிச்சிட்டாங்க. வாயில பறி... கத்தக்கூட முடில."

"மனசு உண்டா?"

"இல்ல. எம் பொண்ணு கரையில தனியா நிக்கிது. எம் பேரு கன்னியம்மா. போய்ச் சொல்லும்மா, வந்து கூட்டினு போவாங்க."

மூன்றாம் முறையும் கேட்டேன். அவள் இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு என் கைச்செம்பிலிருந்து தண்ணீர் குடித்தாள். என்னை நம்பித்தான் குடித்தாள்.

படகின் பின்புறம் துடுப்போடு சின்னையா நின்றார். அலைச்சத்தத்தில் அவருக்கு எதுவும் கேட்டிருக்காது. "இன்னா எல்லம்மா, மனசு உண்டா?" என்று குரல் கொடுத்தார். கரையில் நைனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருத்திதானே... ஒரே ஒருத்தி! ஊர் பிழைத்துப்போகும், கல்யாணம் நடக்கும். அப்படித்தான் நினைத்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நான் பந்தியைத்தான் நினைத்தேன்.

"உண்டு" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே துடுப்பைப் போட்டார்.

உச்சிவேளைக்குத் திரும்பி வந்தவர் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. நேரே ஊரைக் கூட்டினார். "அந்தப் பொம்பள வழியெல்லாம் அழுதா. மூணு தரமும் இல்லேன்னுதான் சொன்னேன்னா. கப்பல்காரன் கயிறு போட்டு இழுத்துக்கினான், என்னால ஒண்ணும் செய்ய முடில. எல்லம்மாவக் கேளுங்க."

கேட்டார்கள். இப்போதாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? நாக்கு இருந்ததே எனக்கு!

"உண்டுன்னுதான் சொன்னா. தண்ணிமேல போனதும் பயந்திருப்பா" என்றேன். எவ்வளவு எளிதாக வந்தது அந்த இரண்டாம் பொய்!

அவர் என்னைப் பார்த்தார். தெரிந்துகொண்டார். பொய் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதி ஊர் நம்பியிருக்கும். எனக்கு ஊர்த் தண்ணீர் போயிருக்கும். அது அவருக்கும் தெரியும்.

"அப்போ நான்தான் பொய் சொல்றேன்னு வெச்சிக்குங்க" என்றார். "ஆனா இனிமே எந்த மனுசனையும் ஏத்த மாட்டேன்."

அந்த வாரமே பதினொரு வீடுகள் அவரோடு அக்கரைத் தீவுக்குப் போயின. போகும்போது என் வாசல் வழியாகத்தான் போனார். நின்று ஒரு சொல் கேட்பார் என்று கதவருகே காத்திருந்தேன். அவர் நிற்கவில்லை.

இரண்டு நாள் கழித்துத்தான் காட்டூர்க் கரைக்குப் போனேன். ஒரு சிறுமி நின்று அழுதாளாம், யாரோ கூட்டிப் போனார்களாம். யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இரண்டு நாள்! அந்த இரண்டு நாளும் நான் வீட்டில் எனக்காக அழுதுகொண்டிருந்தேன்.

பஞ்சம் தீர்ந்தது. நான் யாரையும் மணக்கவில்லை. சாயங்காலம் அக்கரையில் அடுப்புப் புகை எழும்பும். அதில் அவர் வீட்டுப் புகை எது என்று பார்ப்பேன். அவருக்கு மனைவி உண்டோ, பிள்ளைகள் உண்டோ... கேட்க ஆள் இல்லை. இரு கரைக்கும் இன்றுவரை பேச்சு இல்லை. அவர் குரலை ஒருமுறை கேட்க வேண்டும். வைதாலும் போதும்.

ஒருமுறை படகெடுத்து ஏரியின் நடுவரை போனேன். திரும்பிவிட்டேன். அவர் என்னை மன்னித்திருந்தால்? அதை நான் எந்த முகத்தோடு வாங்கிக்கொள்வேன்? மன்னிக்க வேண்டியவள் அந்தத் தீவில் இல்லையே. அவள் எந்தக் கரையில் எந்தச் சேற்றைத் துழாவிக்கொண்டிருக்கிறாளோ!

எங்கள் ஊரில் யாராவது புளுகினால் 'சின்னையா பேச்சு' என்பார்கள். அவரைக் கண்ணால் பார்க்காதவர்களும் சொல்கிறார்கள். நேற்று நாங்கள் பெண்கள் கரையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தோம். எதற்கோ ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்து, "போடி, உன் சின்னையா பேச்ச உட்டுடு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

வேற்றுக் குப்பத்திலிருந்து புதிதாக வாழ வந்த பெண் ஒருத்தி என் பக்கத்தில் இருந்தாள். "சின்னையான்னா யாருக்கா?" என்று என்னைக் கேட்டாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பழைய சங்கதி என்றால் என்னைத்தானே கேட்பார்கள்.

"பொய் சொல்லிட்டு ஊரவுட்டுப் போனவரு" என்றேன்.