மதுராந்தகம் பக்கத்தில் எங்கள் ஊர்

சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர்களிடம் சொந்த ஊர் கேட்பதைப் போல எரிச்சலான பழக்கம் வேறில்லை. சைதாப்பேட்டை என்றால் விடமாட்டார்கள். "அது சரி, சொந்த ஊரு?" என்பார்கள். அதுதாங்க, ஆற்றங்கரையில் பரம்பரை பரம்பரையாக இருந்தோம் என்றால், "ஓ, ஆத்தோரமா?" என்று இழுப்பார்கள். அதற்குப் பிறகு பேச்சில் ஒட்டுதல் இருக்காது.

கரையிலிருந்த எங்கள் வீட்டு வரிசையை இடித்தபோது மற்றவர்களை ஊருக்கு வெளியே கட்டிய அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். அப்பா மட்டும் வீம்பாக ஆதம்பாக்கத்தில் வாடகைக்கு வீடு பிடித்தார். வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வியும் அதேதான். அப்பா கொஞ்சமும் யோசிக்காமல் "மதுராந்தகம் பக்கம்" என்றார். அந்தப் பக்கம் அவர் போனதே ஒரு தடவைதான், யாரோ வீட்டுச் சாவுக்கு, வேனில்.

பொய் வளர்ந்தது. ஏரி வந்தது, கரும்பு வந்தது, பங்காளிச் சண்டையில் கைவிட்டுப்போன நிலமும் வந்தது. அடையாற்றில் வெள்ளம் ஏறி நாங்கள் அம்மன் கோயில் மேடையில் படுத்துக் கிடந்ததைக்கூட ஏரி உடைந்த கதையாக மாற்றிவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே சொல்வார். நானும் ஆபீஸில் அதே கதையைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

தங்கைக்குத் திருவான்மியூரில் நல்ல இடம் அமைந்தது. பையனை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பத்திரிகை அடித்து வந்ததும் சம்பந்தி ஆசையாகக் கேட்டார். "முதல் பத்திரிகை குலதெய்வத்துக்குத்தானே வைப்பீங்க? நாங்களும் வர்றோம். உங்க ஊரையும் பார்த்த மாதிரி இருக்கும்."

அப்பா அவசரமாகக் குறுக்கிட்டார். ஊர்க் கோயிலில் திருப்பணி நடக்கிறது, சைதாப்பேட்டையில் அதே அம்மன் இருக்கிறாள், அங்கே வைத்துவிடலாம் என்று சமாளித்தார். வேறு சாமிக்கு வைத்தால் தெய்வக் குத்தம் என்று அம்மா முன்பே கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். எங்களுக்கு இருப்பதே அந்த ஆற்றங்கரை அம்மன் ஒருத்திதான். வீடுகளை இடித்தவர்கள் அவளை மட்டும் தொடவில்லை. தெரிந்த முகம் ஒன்றும் அங்கே மிச்சமிருக்காது என்பது அப்பாவின் நம்பிக்கை.

ஒரு முகம் இருந்தது. கோயில் வாசலில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தவர் எங்கள் பழைய பக்கத்து வீட்டுப் பெரிம்மா. தங்கை பிறந்ததும் அம்மா காய்ச்சலில் விழுந்துவிட, தன் மகனோடு சேர்த்து அவளுக்கும் பால் கொடுத்தவர். எங்களைப் பார்த்ததும் வாயெல்லாம் சிரிப்பாக எழுந்துவிட்டார். அதற்குள் சம்பந்தி அவரிடம் பேச்சுக் கொடுத்தார். "இவங்களுக்கு மதுராந்தகம் பக்கம்மா. அங்க கோயில்ல வேலை நடக்குதாம், அதான் இங்க வந்தோம்."

பெரிம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். பெரிம்மா மெல்ல உட்கார்ந்தார்.

"மதுராந்தகமா சார்? நல்ல ஊராச்சே. இன்னா பூ வோணும், மல்லியா, கதம்பமா?"

 நான் பெரிம்மா என்று ஒரு வார்த்தை கூப்பிட்டால் போதும். ஆனால் இத்தனை நாள் ஏரிக் கதையும் கரும்புக் கதையும் கேட்ட சம்பந்தி வீட்டார், இன்னும் என்னென்ன மறைத்தார்களோ என்று எழுந்து போய்விட்டால்? தங்கைக்காகத்தான் வாயைத் திறக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் எனக்கும்தான். கல்யாணம் நின்றால் அந்தச் செய்தி ஆபீஸ் வரை வந்துவிடுமே.

பூ வாங்கக் குனிந்த தங்கைக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சம்பந்தியம்மா பதறிப்போனார்.

"கல்யாணப் பொண்ணுமா, அழத்தான் செய்யும்" என்று சொல்லிக்கொண்டே பெரிம்மா பூவை அவள் தலையில் தானே வைத்துவிட்டார்.

சம்பந்திக்கு மனசு இளகிவிட்டது. "நீங்களும் கல்யாணத்துக்கு வந்துடுங்கம்மா" என்றார்.

"நான் இன்னாத்துக்கு சார்? இவங்க யாருன்னே எனக்குத் தெரியாதே."

அப்பா ஆமாம் என்று தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.