காட்பாடி வண்டியில் கிடைத்த பட்டம்

இன்று பதினாறாம் தேதி, புதன்கிழமை. காலை வண்டியில் ஆம்பூர் புறப்பட்டேன். மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்ததால், தமிழ்ப் பத்திரிகையைத் தூரமும் கிட்டமுமாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிரில் அமர்ந்திருந்த தோல் மண்டிச் சாயபு பரிவோடு கேட்டார்: "பெரியவரே, நீங்க அன்பட்டா?"

அன்புடையவர் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று எண்ணி, "ஏதோ, பெரியோர் ஆசீர்வாதம்" என்று அடக்கமாகத் தலையசைத்தேன்.

"இதுல இன்னா வெட்கம்? குடுங்க, நான் படிச்சிக் காட்றேன்" என்று பத்திரிகையை வாங்கிக்கொண்டார்.

பக்கத்திலிருந்த வக்கீல் என் காதோரம், "இந்துஸ்தானி வார்த்தை சார். இங்கிலீஷில் இல்லிட்டரேட்" என்றார்.

ஆயுள் முழுதும் இங்கிலீஷ் இலக்கணம் போதித்தவன் நான்.

மறுப்பதற்குள் பெட்டி முழுவதும் செவிசாய்த்துவிட்டது. அத்தனை பேர் முன்னிலையில் அந்த நல்ல மனிதரைத் தலைகுனிய வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அவரோ தேதியையே "பத்தொன்பது" என்று படித்தார். எழுத்தறியாதவன் எவ்வாறு திருத்துவது? ஆம்பூர் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

தினமும் இந்த வண்டியில் வரும் அவரிடம், மகளுக்குப் பிரசவம், இந்த வாரம் முழுதும் நானும் இதே வண்டிதான் என்று முன்பே சொல்லித் தொலைத்திருந்தேன்.

இறங்கும்போது கையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு சிலேட்டு எடுத்தாறேன். ஒரே வாரத்துல கையெழுத்து போட்ருவீங்க, பாருங்க."

நாளை அவர் முன் 'அ'வைக் கோணலாக எழுதுவதா, ஒழுங்காக எழுதி அகப்பட்டுக்கொள்வதா? நண்பர்கள் இன்றே தெரிவிக்கவும். கோணலாக எழுத எனக்குப் பழக்கமில்லை.