கையுறையைக் கழற்றச் சொன்னவன்

1. உறையாத அகர்

தொண்ணூறுகளின் நடுவில் தச்சநல்லூரில், கடற்பாசியைக் காய்ச்சி ஜெல்லிபோல் உறைகிற அகர் எடுக்கும் ஒரு சின்ன ஆலையில் நான் கெமிஸ்ட். கெமிஸ்ட் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு மேஜை, ஒரு தராசு, நாலு பீக்கர், அவ்வளவுதான் என் ராஜ்யம். ஒருநாள் நாங்கள் அனுப்பிய சரக்கு அத்தனையும் மெட்ராஸிலிருந்து திரும்பி வந்தது. ஆய்வுக்கூடங்களில் கிருமி வளர்க்கும் தட்டுகளுக்காக வாங்குகிறவர்கள் அந்த மெட்ராஸ்காரர்கள். தொட்டாலே ஜெல் உடைகிறது என்று எழுதியிருந்தார்கள்.

முதலாளி அண்ணாச்சி ஒரு டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"என்னவே இது, கூழா? அடுத்த லோடும் இப்படித் திரும்பி வந்துச்சுன்னா ஆலையப் பூட்டிட்டுப் போவ வேண்டியதுதான். படிச்சவருதானவே, ஒரு வழி சொல்லும்."

வழி எனக்குத் தெரியும். எங்களுக்குக் கடற்கரையிலிருந்து லாரியில் வந்தது கஞ்சிப்பாசி, சிவப்புப் பாசிகளில் ஒன்று. அகர் என்பது அதன் உடம்பில் இருக்கும் நீண்ட சர்க்கரைச் சங்கிலி. இரண்டு வகைக் காலக்டோஸ் மாறி மாறிக் கோத்தது. இரண்டாவது வகையில், மூன்றாம் கார்பனுக்கும் ஆறாம் கார்பனுக்கும் நடுவே ஆக்சிஜன் ஒரு பாலம் போட்டிருந்தால் சங்கிலி ஒழுங்காகச் சுருளும். இரண்டு சுருள்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு தண்ணீரைப் பிடித்து வைக்கும். அகர் கெட்டிப்படுவது அப்படித்தான். கஞ்சிப்பாசியில் பல இடங்களில் அந்தப் பாலம் இருக்காது, ஆறாம் கார்பனில் சல்பேட் உட்கார்ந்திருக்கும். அங்கே சங்கிலி கோணிக்கொள்ளும். பாசியைச் சூடான காஸ்டிக் சோடாவில் போட்டால் சல்பேட் கழன்று பாலம் அமைந்துவிடும். ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்த காஸ்டிக்கை நான் இரண்டு மடங்காக்கினேன்.

2. பேச்சியம்மாவின் விரல்

காஸ்டிக்கில் வெந்த பாசியை நாலைந்து தண்ணீரில் கழுவ வேண்டும். மிச்சமிருக்கிற காரத்துக்குக் கொஞ்சம் ஆசிட் விட வேண்டும். ஆசிட் கூடினால் சங்கிலியே அறுந்துவிடும். அதனால் கழுவின தண்ணீரில் எவ்வளவு காரம் மிச்சம் என்று ஒவ்வொரு தடவையும் தெரிந்தாக வேண்டும். அதற்கு, நனைத்தால் நிறம் மாறிக் காரத்தின் அளவைக் காட்டும் பி.ஹெச். பேப்பர் உண்டு. எங்கள் பேப்பர் பாதி நாள் தீர்ந்திருக்கும், மீதி நாள் நமுத்திருக்கும்.

கழுவுத் தொட்டியைப் பார்த்துக்கொண்டவள் பேச்சியம்மா. சிறுவயதிலிருந்தே பீடி சுற்றியவள். புகையிலைத் தூசி ஒத்துக்கொள்ளாமல் இருமல் வந்து எங்களிடம் வேலைக்கு வந்திருந்தாள். தண்ணீரைத் தொட்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒரு தரம் உரசிப் பார்ப்பாள்.

"இன்னும் வழுக்குது சார். இன்னொரு தண்ணி ஊத்தணும்."

ஒரு வாரம் பேப்பரை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். அவள் ஒரு தடவைகூடத் தப்பவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. "நமக்கு பேப்பரே வேண்டாம் அண்ணாச்சி" என்று முதலாளியிடம் பெருமையடித்தேன்.

காஸ்டிக்கைக் கூட்டியபோது தொட்டிக்காரர்களுக்கு ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்தோம். மறுநாளே பேச்சியம்மா வந்து நின்றாள்.

"இதப் போட்டா ஒண்ணும் தெரிய மாட்டேங்கு சார்."

"அப்பக் கழத்திருங்கக்கா. ரெண்டு விரலுதானே."

அதைச் சொன்னது நான்தான். கோடையில் தண்ணீர் தட்டுப்பாடு வந்தபோது, ஒரு தண்ணீரும் வீணாகக் கூடாதென்று, காரம் மிகுந்த முதல் தண்ணீரிலிருந்தே தொட்டுப் பார்க்கச் சொன்னதும் நான்தான்.

அகர் கெட்டியானது. பெருவிரலால் அழுத்தினாலும் உடையவில்லை. மெட்ராஸ்காரர்கள் மறுபடியும் வாங்கினார்கள். அண்ணாச்சி என்னை முதல்முறையாக 'சார்' என்று கூப்பிட்டார்.

3. எல்லாத் தண்ணீரும் ஒன்று

இரண்டு மாதம் கழித்து பேச்சியம்மா என் மேஜைக்கு வந்து கையை விரித்துக் காட்டினாள். இரண்டு விரல் நுனியும் ரேகை அழிந்து பளபளவென்று இருந்தன. நகக்கண்ணில் வெடிப்பு.

"ரொம்ப வலிக்கல சார். ஆனா எந்தத் தண்ணியத் தொட்டாலும் ஒண்ணு போலத்தான் இருக்கு."

காஸ்டிக் தண்ணீர் விரலில் வழுக்குவது ஏன் என்று நான் கல்லூரியில் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். தோலில் இருக்கிற கொழுப்பு காரம் பட்டுச் சோப்பாக மாறுகிறது, அந்தச் சோப்புதான் வழுக்குகிறது. இத்தனை நாளும் அவள் என்னிடம் வந்து சொன்னது தன் தோல் கரைகிற கணக்கை. பாசிக்குள் பாலம் அமைவதையே நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, தொட்டிக்குள் இருந்த கை கண்ணில் படவில்லை.

அன்றைக்கே கையுறையைப் போடச் சொன்னேன், பேப்பருக்கு ஆள் அனுப்பினேன். பிரயோசனம் இல்லை. வெடிப்பு புண்ணாகிச் சீழ் வைத்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ஆள்காட்டி விரலின் நுனியை எடுத்துவிட்டார்கள். கட்டைவிரலில் உணர்ச்சி திரும்பவே இல்லை. தொட்டிக்கு வேறு ஆள் வந்துவிட்டது. அண்ணாச்சி அவளைப் பற்றி அப்புறம் பேசவில்லை, நானும் பேச்செடுக்கவில்லை.

ஒரு மாதம் பொறுத்து அவள் வீட்டுக்குப் போனேன். மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இலை பிரிந்து பிரிந்து வந்தது. புகையிலை மடியெல்லாம் கொட்டிக் கிடந்தது. அவளுக்குத் தெரிந்த இன்னொரு பிழைப்பு அது ஒன்றுதான். அதற்கும் அந்த இரண்டு விரல்தான் வேண்டும்.

"ஏன் சார், விரலு இப்படி ஆவும்னு ஒங்களுக்கு முன்னமே தெரியுமா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"தெரியாதுக்கா" என்றேன்.

"பொறவு நீங்க என்ன செய்வீய. மனசப் போட்டு ஒழப்பாதீய" என்றவள், எனக்குக் காப்பி போடச் சொல்லி மகளுக்குக் குரல் கொடுத்தாள். அந்தக் காப்பியையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். மனுஷ உடம்பை மீட்டராக வைத்து வேலை வாங்காதீர்கள். அப்படியே தவறு நடந்துவிட்டாலும், பாதிக்கப்பட்டவர் வந்து கேட்கும்போது உண்மையைச் சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். பேச்சியம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள், நான் ஒன்றும் அறியாதவன் என்று நம்பிக்கொண்டே.