ராசா எப்போது கெட்டான்

அப்பாவைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் தலைவராக்கியது சித்தப்பாதான். லயம் லயமாக, ஒவ்வொரு வீட்டு வரிசையாக ஏறி இறங்கி, "எங்க அண்ணன் நமக்காகத் தொரைகிட்ட பேசுவாருங்க" என்று தொண்டை கட்டும்வரை சொன்னவர் அவர். எங்களுக்கு அடுத்த ஒற்றை அறைக் காம்பராவில் தனியாக இருந்தார். காலையில் பள்ளிக்கூடத்துக்கு இறங்கும் வழுக்குப் பாதையில் என்னைத் தோளில் தூக்கிப் போவார். இப்போதும் பனிமூட்டத்தில் நடந்தால் அந்தத் தோளின் சூட்டை உடம்பு தேடுகிறது.

தலைவரான பிறகு அப்பா வெள்ளைச் சட்டை போடத் தொடங்கினார். வீட்டுக்கு வந்தவர்கள் வாசலிலேயே நின்றார்கள். உட்காரச் சொல்ல அப்பா மறந்துபோனார். புது வீடுகளுக்கு நிலம் பிரித்தபோது ரோட்டோரத்து நல்ல துண்டு எங்களுக்கு வந்தது. கோயில் கூட்டத்தில் சித்தப்பா எழுந்தார்.

"அண்ணே, மழைக்கு மண்ணு சரியிற பக்கம் இருக்கிறவங்களுக்குத்தான மொதல்ல குடுக்கணும்?"

அப்பா அவரை வெளியே போகச் சொன்னார். அந்த வாரமே சித்தப்பா கினிகத்தேனை டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வேலைக்குப் போய்விட்டார்.

அக்கா அப்போது உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பாடத்தில் ஒரு பழைய ஆங்கிலச் சோக நாடகம். அதிகாரம் மனிதனை எப்படிக் கெடுக்கிறது என்று அதன் வரிகளை எடுத்து விளக்க வேண்டுமாம். எனக்குச் சொன்னால் தன் மனதில் நிற்கும் என்று என்னை எதிரில் உட்காரவைத்துக்கொள்வாள்.

"இந்த வரியைப் பாரு. சிம்மாசனம் கெடைச்சதும் கூடவே நின்ன கூட்டாளி மேலதான் அவனுக்கு மொதச் சந்தேகம்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார். "முன்ன அந்த ராசா நல்லவனா?"

"ரொம்ப நல்லவன்ப்பா. ஊருக்காகச் சண்டை போட்டவன்."

"அப்புறம் எப்பக் கெட்டான்?"

அக்கா புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது அவனுக்கே தெரியலப்பா."

அப்பா ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவினார்.

ஞாயிற்றுக்கிழமை என்னை மட்டும் கூட்டிக்கொண்டு கினிகத்தேனைக்கு பஸ் ஏறினார். எனக்குத் திருவிழாவுக்குப் போவதுபோல் இருந்தது. சித்தப்பா மெலிந்திருந்தார். என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, அப்பாவுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.

"வந்துருடா" என்றார் அப்பா. பிறகு, "கூட்டத்துல வந்து, தெரியாம பேசிட்டேன்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லிரு."

சித்தப்பா மேசையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "இப்ப என்னையக் கூப்பிடுறது தலைவரா, அண்ணனா?"

அப்பா கிளாஸை எடுத்து, குடிக்காமலே திரும்ப மேசையில் வைத்தார். தேத்தண்ணி ஆறும்வரை இருந்துவிட்டு எழுந்தோம். சித்தப்பா எனக்கு ஒரு கொத்து ரொட்டிப் பார்சல் கட்டிக் கொடுத்தார். அவர் பிறகு தோட்டத்துக்கு வரவே இல்லை.

திரும்பும் பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்குக் கோபம்கூட வந்தது. தலைவரும் அவர்தான், அண்ணனும் அவர்தான். எதைச் சொல்லியிருந்தாலும் சரியான பதில்தானே?