தண்ணீர் அமைச்சரின் ராஜினாமா

ஓர் அமைச்சர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? அஞ்சல் வழியில் பி.ஏ. அரசியல் அறிவியல் படித்தவள் நான். தேர்வில் இதற்கு இரண்டு பக்கம் எழுதினேன். இன்றுவரை விடை தெரியவில்லை.

ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். சென்ற ஆண்டு, ஐந்தாம் வகுப்பிலிருந்த என் மகள் பள்ளி மந்திரிசபையில் தண்ணீர் அமைச்சரானாள். பிள்ளைகள் கை தூக்கித் தேர்ந்தெடுத்தார்கள். இலாகாவை டீச்சர் கொடுத்தார். பள்ளிக்கு லாரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வந்தது. அதனால் மதியச் சாப்பாட்டுக்கு முன் குடிதண்ணீர்ப் பானையைத் திறக்கக் கூடாது என்று மந்திரிசபை முடிவெடுத்தது. பானைக்குக் காவல் என் மகள்.

ஒரு வாரம் கழித்து அவளே சொன்னாள். வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவராத ஒரு தோழிக்கு மட்டும், பத்து மணிக்கு யாருக்கும் தெரியாமல் அரை டம்ளர் கொடுக்கிறாளாம்.

சபையில் சம்மதித்துவிட்டு வெளியே வேறு செய்வது தப்பு என்றேன். நம் நாட்டில் அமைச்சர்கள் எல்லோரும் சேர்ந்தே பொறுப்பு. உடன்பாடில்லாதவர் விலக வேண்டும். அமெரிக்காவில் ஜனாதிபதிதான் அமைச்சர்களைத் தேர்ந்தெடுக்கிறார், அவருக்குப் பதில் சொன்னால் போதும் என்றும் விளக்கினேன்.

"அப்ப டீச்சர்தான் ஜனாதிபதியா? கை தூக்கினவங்கல்லாம் யாரும்மா?"

என் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "மந்திரியம்மா, மொதல்ல சாப்பிடுங்க. சபையை நாளைக்குக் கூட்டலாம்" என்றார்.

மறுநாள் பேட்ஜைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டு வாரம் கழித்து, அந்தத் தோழியின் அம்மாவைப் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். அம்பத்தூரில் கம்பெனி வேலைக்குப் போகிறவர்.

"ஏம்மா, மந்திரி வேலைய உடச் சொன்னது நீதானாமே?"

ஆமாம் என்றேன்.

"உம் பொண்ணு இருந்தவரைக்கும் எம் பொண்ணுக்கு அரை கிளாஸ் கெடைச்சிகினு இருந்துச்சி. இப்ப கீற மந்திரி பானை மேலயே குந்திகினு கீறான். படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

சிரித்தபடியே பஸ் ஏறிவிட்டார்.

அன்றிலிருந்து மகளிடம் இரண்டு பாட்டில் கொடுத்தனுப்புகிறேன். இரண்டாவது ஒரு பிள்ளைக்குத்தான் ஆகும். பாட்டில் இல்லாதவர்கள் இன்னும் எத்தனை பேர் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இந்த ஆண்டும் வகுப்பு அவளுக்கே கை தூக்கியிருக்கிறது. அதே இலாகா, அதே பானை, அதே விதி. அடுத்த மாதம் பேட்ஜ் கொடுப்பார்கள். "ஏத்துக்கட்டுமா?" என்று தினமும் கேட்கிறாள். பதவியில் இருந்துகொண்டு ரகசியமாக அரை டம்ளர் கொடுக்கச் சொல்வதா, டீச்சர் முன் எழுந்து பேசச் சொல்வதா, ஒதுங்கியிருக்கச் சொல்வதா? பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது எழுதுங்கள். சென்ற முறை சொன்னதையே மறுபடி சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.