பத்து ஆம்பியரில் இரண்டு சமையலறைகள்

விதாத்தின் வீட்டு மொட்டைமாடியில் இப்போது சூரியத் தகடுகள் பளபளக்கின்றன. மகன் நதீம் குவைத்திலிருந்து வந்து பொருத்திவிட்டுப் போனான். இஸ்திரி போடலாம், வெந்நீர் ஹீட்டர் போடலாம், இரண்டையும் ஒன்றாகவே போடலாம். ஏன் என்று கேட்க ஆளில்லை. கேட்க ஆளில்லாததுதான் அவளுக்குக் குறை. "இப்ப நிம்மதியாம்மா?" என்று மகன் தொலைபேசியில் கேட்டால் "நிம்மதிதான்" என்பாள், அரை மனதாக.

முன்பு இந்தத் துறைமுகத் தெருவில் யாருக்கும் இந்த வாழ்வில்லை. லெபனானின் அரசாங்க மின்சாரம் வெளிநாட்டு மாமாவைப் போல. எப்போது வருவார் என்று தெரியாது, வந்தால் வீடே எழுந்து ஓடும். மற்ற நேரத்துக்குத் தெருமுனையில் அபூ மர்வானின் ஜெனரேட்டர். டீசல் கிடைக்காத நாட்களில் அவரும் மத்தியானத்தில் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு நிறுத்திவிடுவார். விதாத்தும் எதிர்வீட்டு ஜோர்ஜெட்டும் கூட்டுச் சேர்ந்து பத்து ஆம்பியருக்கு ஒரே இணைப்பு வாங்கியிருந்தார்கள். இருவருமே கணவனை இழந்தவர்கள், இருவர் பிள்ளைகளும் கடல் கடந்தவர்கள். ஒருத்தி பள்ளிவாசல், இன்னொருத்தி தேவாலயம். பிரேக்கர் மட்டும் ஒன்றே ஒன்று, கீழே மாடிப்படிக்கு அடியில்.

பத்து ஆம்பியர் இரண்டு ஃபிரிட்ஜையும் நாலு விளக்கையும் தாங்கும். மேற்கொண்டு ஒரு ஹீட்டரையோ ஒரு இஸ்திரிப்பெட்டியையோ தாங்கும். இரண்டும் சேர்ந்தால் பிரேக்கர் விழும், இரண்டு வீடும் இருட்டாகும். அதனால் எதைப் போடுவதற்கு முன்னும் சமையலறை ஜன்னலில் தலையை நீட்டிக் குரல் கொடுத்தாக வேண்டும். இரண்டு ஜன்னல்களும் நடுவே காற்றுக்காக விட்ட இடுக்கில் எதிரெதிராக இருந்தன.

"விதாத்! ஹீட்டர் போடப் போறேன்!"

"பொறு, பொறு! கையில இஸ்திரிப்பெட்டி. ஒரு பாவாடைதான் பாக்கி."

"உன்னைப் பொண்ணு பார்க்க எவன் வர்றான், இவ்வளவு இஸ்திரி?"

"வந்தா உன்கிட்டதான் முதல்ல அனுப்புவேன். நீ குளிச்சுட்டு நில்லு!"

கட்டடம் முழுக்கக் கேட்கும். யாராவது சொல்லாமல் போட்டுப் பிரேக்கர் விழுந்தால், போட்டவள் நாலு மாடி இறங்கித் தூக்கிவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். ஆனால் ஜோர்ஜெட்டுக்கு மூட்டுவலி. எனவே யார் தப்பு செய்தாலும் இறங்குவது விதாத்தான், படிக்குப் படி ஜோர்ஜெட்டின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டு. ஈஸ்டரும் ஈதுப் பெருநாளும் அடுத்தடுத்து வந்த வருடங்களில் கேஸ் அடுப்பையும் ஒரே முறைதான் சூடேற்றினார்கள். அந்தச் சூட்டிலேயே இரண்டு வீட்டின் ‘மாமூல்’ என்னும் பண்டிகைப் பணியாரமும் தட்டுத் தட்டாக வெந்தது. யார் வீட்டில் பேரீச்சைப் பூரணம் குறைவு என்று சண்டையும் நடந்தது. அந்தச் சண்டைக்காக விதாத் இன்றைக்கும் ஏங்குகிறாள். வெட்கமில்லாமல் அதைச் சொல்லவும் செய்கிறாள்.

ஒருநாள் காலை அபூ மர்வான் படியில் எதிர்ப்பட்டார். நதீமின் அம்மா என்பதால் விதாத் அவருக்கு ‘உம்மு நதீம்’.

"உம்மு நதீம், அடுத்த மாசத்திலேர்ந்து உங்களுக்கு அஞ்சு ஆம்பியர் போதும்தானே?"

"ஏன், எனக்கென்ன வந்துச்சு?"

"ஜோர்ஜெட் அக்காதான் ஆஸ்திரேலியாவுக்கு மகன்கிட்டப் போறாங்களே, ஒரேயடியா. உங்களுக்குத் தெரியாதா?"

ஜோர்ஜெட் என்றைக்குத் தலைக்குக் குளிக்கிறாள் என்பதுவரை தெரிந்தவள் விதாத். இந்தச் சேதியை மட்டும் ஜெனரேட்டர்காரன் வாயால் கேட்க வேண்டியிருந்தது. அன்றோடு ஜன்னலில் குரல் கொடுப்பதை நிறுத்தினாள். ஜோர்ஜெட் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் வராததால் அவளும் வாயை மூடிக்கொண்டாள். வேடிக்கை என்னவென்றால், அதன் பிறகு பிரேக்கர் ஒரு தடவைகூட விழவில்லை. வாய் மூடியிருந்தாலும் இரண்டு பேர் காதும் எதிர் ஜன்னலில்தான் இருந்தது. அங்கே ஹீட்டர் குழாய் முனகினால் இங்கே இஸ்திரிப்பெட்டி காத்திருக்கும்.

கிளம்பும் நாள் வந்தது. பொழுது சாய்ந்ததும் பெய்ரூத் விமான நிலையத்துக்குக் கார் வரும். மத்தியானம் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. ஒரு வார்த்தை பேசாமல் அவளை அனுப்பிவிடுவதா? போய்த் தொலையட்டும் என்று கோபம் சொன்னது. ஆனால் பச்சைத் தண்ணீர் தலையில் பட்டால் ஜோர்ஜெட்டுக்கு மண்டை பிளக்கும், அத்தனை தூரப் பயணம் வேறு. விதாத் விளக்கை அணைத்தாள். ஃபிரிட்ஜைக்கூட அணைத்தாள். ஜோர்ஜெட்டின் ஹீட்டருக்கு ஒரு குறையும் வரக்கூடாது. பிறகு சமையலறையில் உட்கார்ந்து குழாய் முனகுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டாள்.

முனகவே இல்லை. என் பங்கு மின்சாரம்கூட வேண்டாமா அவளுக்கு, அவ்வளவு வீம்பா? அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. ஜன்னலைத் திறந்தாள்.

"ஏய் ஜோர்ஜெட்! குளிக்கிற உத்தேசமே இல்லையா? எல்லாத்தையும் அணைச்சுட்டு உக்காந்திருக்கேன், ஹீட்டரைப் போடேன்டி!"

எதிர் ஜன்னல் அந்த நொடியே திறந்தது. அவள் அங்கேயேதான் நின்றிருக்கிறாள்.

"நானும்தான் அணைச்சுட்டு நிக்கிறேன்! நீ அந்த நீலக் கோட்டை இஸ்திரி போடுவேன்னு. கசங்கின துணியோட படியிறங்க மாட்டியே நீ!"

"நான் வழியனுப்ப வர்றேன்னு உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. இருந்தாலும் அணைச்சு வச்சேன்."

விதாத் வாயைத் திறப்பதற்குள் தெருமுனையில் ஜெனரேட்டர் இருமி நின்றது. பத்து ஆம்பியரும் யாருக்கும் பயன்படாமல் போயிற்று. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள், பிறகு வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

விதாத் கேஸ் சிலிண்டரை ஆட்டிப் பார்த்தாள். அடியில் கொஞ்சம் இருந்தது. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, ஆவி போகாமல் மூடி போட்டாள். ஜோர்ஜெட் தோளில் துண்டோடு வந்து, விதாத்தின் குளியலறை முக்காலியில் குழந்தை மாதிரி உட்கார்ந்தாள். விதாத் அவள் தலையில் சோப்பைத் தேய்த்தாள், தேவைக்கு மேலேயே அழுத்தி.

"ஏன்டி என்கிட்டச் சொல்லல?"

"சொன்னா போகாதேன்னு சொல்லுவ."

"சொன்னா என்ன?"

"நான் இருந்துடுவேன். அங்க மருமக விட்டுட்டுப் போனதுக்கப்புறம் பையன் மூணு பிள்ளைங்களோட ஒத்தையாத் திண்டாடுறான், விதாத்."

விதாத்தின் கையில் செம்பு அப்படியே நின்றது. கண்ணீர் சொட்டுச் சொட்டாக ஜோர்ஜெட்டின் முதுகில் விழுந்தது. கண்ணைத் திறக்க முடியாமல், நுரைத் தலையோடு, ஜோர்ஜெட் கையைப் பின்னால் நீட்டி அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

"அழுகையெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம். ஊத்துடி, தண்ணி ஆறுது."

விதாத் ஊற்றினாள். அழுகையை மட்டும் நிறுத்தவில்லை.