நிலம் உறையாத ஊர்

மார்ச் விடுமுறையின் முதல் சனிக்கிழமை, விடிவதற்கு முன்பே ரொறன்ரோவின் மல்வேர்னில் இருந்து புறப்பட்டோம். வெளியே பூச்சியத்துக்குக் கீழே பதினொரு பாகை. எங்கள் வான் வண்டியின் கண்ணாடியில் இறுகிக் கிடந்த பனியை நான்தான் சுரண்டினேன். அக்காவின் கணவரை, அத்தானை, அந்த வேலைக்கு விடுவதில்லை. இரண்டு வருடமாக அதுதான் வீட்டு வழக்கம்.

அத்தான் பேஸ்மென்ட் செய்கிறவர். ரொறன்ரோவில் எங்கள் ஆட்கள் வீடு வாங்கினால் முதலில் செய்கிற காரியம், கீழே வெறும் கொங்கிரீட்டாகக் கிடக்கும் தளத்தை இரண்டு அறையும் ஒரு குசினியும் குளியலறையுமாக்கி வாடகைக்கு விடுவதுதானே. ஸ்காபரோவில் இருந்து ஒஷாவா வரை அப்படி எத்தனையோ வீடுகளின் அடித்தளங்களை அத்தான் மனிதர் வாழும் இடமாக்கியிருக்கிறார். பலகையை வெட்டுவது, தூக்குவது எல்லாம் வெளியே, வீட்டு வாசலில், குளிரில். அந்தக் குளிர் அவருடைய விரல்களைப் பிடித்துவிட்டது. முதலில் வெள்ளையாகும், பிறகு நீலமாகும், பிறகு கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். இந்தக் குளிர்காலம் வலது ஆட்காட்டி விரல் நுனியில் ஒரு புண் வந்து மாறவேயில்லை. இப்படியே போனால் நுனியை எடுக்கவேண்டி வரலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

என் அக்கா சுதா நேர்ஸ். வட கரோலினா மாநிலத்தில், சார்லட் நகரத்து மருத்துவமனை ஒன்று அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. அடுத்த வெள்ளிக்குள் பதில் சொல்லவேண்டும். அவளுக்குக் கிடைக்கும் அனுமதியில் கணவனும் பிள்ளையும் கூடப் போகலாம். கணவன் அங்கே வேலை செய்யக்கூடாது. அதைப் பற்றிக் கேட்டால், வதிவிட உரிமை கிடைக்கும்வரைதானே, பிறகு பார்ப்போம் என்று எல்லாரும் சொன்னோம். எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னவள் நான்.

நான் நகரத் திட்டமிடல் படித்தவள். எந்த ஊரில் எந்தப் பள்ளிக்கூடம், எந்தத் தெருவில் நடைபாதை, எங்கே பூங்கா என்று இரண்டு மாதமாக இணையத்தில் குடியிருந்து, பிள்ளைகளோடு வாழ ஏற்ற குடியிருப்புகள் என்று மூன்றைத் தெரிந்தெடுத்திருந்தேன். அத்தானுக்கும் ஒரு திட்டம் வைத்திருந்தேன். சார்லட்டைச் சுற்றிப் புது வீடுகள் முளைக்கின்றன, பேஸ்மென்ட் செய்ய எங்கட ஆள் ஒருவரும் இல்லை, வதிவிடக் காகிதம் கிடைத்த அன்றைக்கே நீங்கள் ராஜா என்று. அவர் சிரித்தார். ஆனால் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஃபோர்ட் ஈரி பாலத்துக்கு எங்கள் வாசலில் இருந்து நூற்றெழுபத்தைந்து கிலோமீற்றர் அளவில் வரும். மறுகரையில் அமெரிக்க எல்லை அதிகாரி வானின் பின்கதவைத் திறக்கச் சொன்னார். அங்கே எங்கள் உடுப்புப் பைகளுக்கு அடியில் அத்தானின் கருவிப் பெட்டிகள். இறக்கிவைக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவை வானின் ஆசனங்களைப் போல எப்போதும் அங்கேயே இருப்பவை. உள்ளே கூப்பிட்டு இருத்திவைத்தார்கள். வேலைக்குப் போகிறீர்களா, யாருடைய வீட்டுக்கு, எத்தனை நாள் என்று திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். அக்காவின் எட்டு வயது மகள் மாயா என் மடியிலேயே நித்திரையாகிவிட்டாள். கடைசியில் விட்டார்கள். விடும்போது அந்த அதிகாரி அத்தானின் முகத்தைப் பார்த்து, அங்கே ஒரு ஆணிகூட அடிக்கக்கூடாது, விளங்குகிறதா என்று கேட்டார். அத்தான் விளங்குகிறது என்றார்.

அன்றிரவு மேற்கு வேர்ஜினியாவின் சார்ள்ஸ்ரனில் தொண்ணூற்று நாலு டொலருக்கு ஒரு அறை. ஞாயிறு காலை மலைப்பாதை. கட்டணச் சாவடிகள் மூன்று, ஒவ்வொன்றிலும் ஐந்து டொலருக்குக் கிட்ட. மலையைக் குடைந்த இரண்டு சுரங்கங்களைத் தாண்டியதும் வேர்ஜினியாவின் விளிம்பில் சாலை சடாரென்று இறங்குகிறது. கீழே வட கரோலினா நீலமாக விரிந்து கிடந்தது. வானின் வெப்பமானியை நான் சத்தமாக வாசித்துக்கொண்டு வந்தேன். ஆறு. ஒன்பது. பதின்மூன்று. பதினேழு. அத்தான் கையுறைகளைக் கழற்றி முன்னால் வைத்தார். விரல்களை விரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் ஓட்டினார்.

தங்கியது ஜெயம் அண்ணை வீட்டில். மன்னார்க் கத்தோலிக்கர். ஆறு வருடத்துக்கு முன் மல்வேர்னில் எங்களுக்கு இரண்டு கதவு தள்ளி இருந்தவர். வாசலில் வைத்தே தொடங்கிவிட்டார்.

"ஸ்காபரோ ஆக்கள் இஞ்ச வந்தா ரெண்டே ரெண்டு கேள்விதான். கோயில் எங்கை, இடியப்பம் எங்கை? ரெண்டுக்கும் ஒரே பதில். நாப்பது நிமிசம் ஓடவேணும்."

அவருடைய மனைவி, நாங்கள் அன்ரி என்று கூப்பிடுகிறவர், உள்ளே இருந்து, அதில் இடியப்பக் கடை போன மாதம் பூட்டுப்பட்டுப் போச்சு என்று திருத்தினார். நாங்கள் சிரித்தோம். பிறகு இரவுச் சாப்பாட்டில் அன்ரி, இங்கே தெருவில் கண்டால் கை காட்டுவார்கள், பெயர் சொல்லுவார்கள், நல்ல சனம்தான், ஆனால் காய்ச்சல் என்று படுத்தால் ரசம் வைத்துக்கொண்டு வர ஒரு வாசல் இல்லை என்று, குறையாக அல்லாமல், வெயில் மழையைச் சொல்வது போலச் சொன்னார். அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை நான் தெரிந்தெடுத்த முதல் குடியிருப்பு. சார்லட்டின் தென்விளிம்பில், குளத்தைச் சுற்றி வீடுகள், நீச்சல் தடாகம், சைக்கிள் பாதை. மார்ச் மாதத்தில் பச்சைப் புல். மாயா சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓடினாள். நான் திரையில் பார்த்ததெல்லாம் அப்படியே இருந்தது. படத்தைவிட மேல் என்றுகூடச் சொல்வேன்.

மாதிரி வீட்டைக் காட்டிய இளம்பெண் அன்பானவள். மேல்மாடி, படுக்கையறைகள், அடுப்புக்கு மேல் காற்றுறிஞ்சி எல்லாம் காட்டினாள். அத்தான் மெதுவாகப் பின்னால் வந்தார். சுவர் மூலைகளைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடினார். ஒன்று உடுப்பு அலமாரி, ஒன்று சலவை அறை. பிறகு அவளிடம் தன் ஆங்கிலத்தில் கேட்டார், கீழே போகும் படி எங்கே என்று.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், இங்கே பேஸ்மென்ட் கட்டுவதில்லை என்றாள். சரிவான காணியில் எங்காவது ஒன்றிரண்டு இருக்கலாம். மற்றப்படி நிலத்தைச் சமப்படுத்திக் கொங்கிரீட் ஊற்றி, அதற்கு மேலேயே வீடு. இந்தப் பக்கம் முழுக்க அப்படித்தான்.

அத்தான் நன்றி சொன்னார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

இது நான் பரீட்சைக்குப் படித்த விஷயம். ரொறன்ரோவில் குளிர்காலத்தில் நிலம் நாலடி ஆழம்வரை உறையக்கூடும். அத்திவாரம் அதற்குக் கீழே போகாவிட்டால் உறைந்த மண் வீங்கி வீட்டையே தூக்கிவிடும். அவ்வளவு தோண்டுகிறவன் இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஒரு தளம் கிடைக்கிறது. அதுதான் பேஸ்மென்ட். குளிர் இல்லாத நிலத்தில் ஆழம் தேவையில்லை. இரண்டு மாதமாக நான் பள்ளிக்கூடங்களையும் பூங்காக்களையும் ஒப்பிட்டேன். எந்தக் குளிர் அத்தானின் விரலைத் தின்கிறதோ அதே குளிர்தான் அவருக்குத் தொழிலையும் தந்தது என்ற கணக்கு மட்டும் எனக்கு வரவில்லை. நாங்கள் வீடு என்று சொல்லும்போதே கீழே ஒரு தளம் இருக்கும் என்று நினைத்துப் பழகிய ஆட்கள். அந்தப் பழக்கத்தில்தான் அவரை ராஜாவாக்கினேன்.

வெளியே குளக்கரையில் அவர் பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன்.

"அத்தான், நான் அதை யோசிக்கேல்லை."

"நானும்தான் யோசிக்கேல்லை. இருபது வருசம் அதுக்குள்ளை நிண்டனான்," என்றார். பிறகு, "வடிவான வீடு. சுவர் கொஞ்சம் அவசரப்பட்டுப் பூசியிருக்கினம்," என்றார்.

மாயா ஓடி வந்து அவருடைய கையைப் பிடித்தாள். கையைப் பிடிப்பதற்கு முன் அவள் எப்போதும் ஒரு கணம் முகத்தைப் பார்ப்பாள், நோகுமா என்று. அன்று பார்க்காமலே பிடித்தாள்.

"அப்பா, இஞ்ச வந்தா எவ்ரி டே வீட்டில நிப்பீங்களா? ஸ்கூலுக்கு நீங்கதான் வருவீங்களா?"

"ஓம்," என்றார் அத்தான்.

அவள் கைதட்டினாள். அக்கா தூரத்தில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும்.

செவ்வாயும் புதனும் மற்ற இரண்டு குடியிருப்புகளையும் பார்த்தோம். ஒன்று மாநில எல்லைக்கு அப்பால் தென் கரோலினாவில், ஃபோர்ட் மில்லில். பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குக் கூட்டிப் போனேன். ஒரு ஊரின் குணம் அந்த நேரத்தில்தான் தெரியும் என்பது என் எண்ணம். மல்வேர்னில் என்றால் பிள்ளைகள் கூட்டமாக நடந்து வருவார்கள், வேலைக்குப் போகிற தாய் பஸ் தரிப்பிலேயே பிள்ளையை இன்னொரு தாயிடம் ஒப்படைத்துவிட்டு ஏறுவாள். இங்கே ஒருவரும் நடக்கவில்லை. கார்கள் வளைந்து வளைந்து வரிசையில் நின்றன. ஒவ்வொரு காரிலும் ஒருவர். பிள்ளை ஏறும், கார் போகும். ஒழுங்கு, அமைதி, ஆபத்தில்லை. அத்தான் அந்த வரிசையைக் கடைசிக் கார் போகும்வரை பார்த்தார். தன் இடம் எது என்று பார்த்திருப்பார்.

புதன் மாலை ஜெயம் அண்ணை வீட்டுச் சாப்பாட்டறைச் சுவரில் ஓடிய வெடிப்பைக் காட்டி, அத்தான் வந்திருக்கும்போதே ஒரு பூச்சுப் பூசிவிடலாமே என்று அன்ரி கேட்டார். அத்தான் எழுந்து போய் வெடிப்பின் நீளத்துக்கு விரலை ஓட்டினார். திரும்பி வந்து இருந்தார்.

"எல்லையில ஆணி அடிக்கக்கூடாதெண்டு சொன்னவங்கள், அன்ரி."

"ஒரு கோழிக்கறிக்குப் பூசினா அதுவும் சம்பளமோடா?" என்றார் ஜெயம் அண்ணை.

"என்ரை முகத்தைப் பார்த்துச் சொன்னவன், அண்ணை. நானும் ஓமெண்டு சொன்னனான்."



ஆனால் இன்னொன்றையும் எழுதவேண்டும். ஒவ்வொரு காலையும் அத்தான் வாசல்படியில் உட்கார்ந்து வெறுங்கையால் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு குடித்தார். அக்கா பக்கத்தில் இருந்து அவருடைய விரலைத் திருப்பிப் பார்ப்பாள், மனைவி பார்ப்பது போல அல்ல, நேர்ஸ் பார்ப்பது போல. வியாழக்கிழமை காலை புண் காய்ந்து பொருக்குக் கட்டத் தொடங்கியிருந்தது. அவள் அந்தக் கையை விடாமல் வைத்திருந்தாள்.

அன்றே திரும்பினோம். மாறி மாறி ஓட்டி ஒரே நாளில் வருவதாக ஏற்பாடு. வழி முழுக்க அக்கா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். எல்லைக்கு முன் வரும் அமெரிக்க நகரமான ஈரியை நெருங்க, மாலை வெளிச்சத்தில் பனி தூறத் தொடங்கியது. வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழே இறங்கியது. நான் வாசிக்கவில்லை. அத்தான் முன்னால் கிடந்த கையுறைகளை எடுத்து மாட்டினார்.

"நான் வேண்டாமெண்டு எழுதப்போறன்," என்றாள் அக்கா.

அத்தான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் அந்தக் கார் வரிசையில நிக்கிறதைப் பார்க்க என்னால ஏலாதப்பா."

"சுதா, விரல் இல்லாட்டியும் பேஸ்மென்ட் இல்லைத்தான்."

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. இரண்டு பலகைகளை அளந்து எது நீளம் என்று சொல்வது போலச் சொன்னார். பின்னாசனத்தில் நான் மாயாவின் போர்வையைச் சரி செய்தேன், சரியாக இருந்த போர்வையை. பாலம் வந்தது. எங்கள் பக்கத்து அதிகாரி என்ன கொண்டு வருகிறீர்கள் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றோம்.

வெள்ளிக்கிழமை அத்தான் ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட்டில் பாதியில் விட்டுப்போன வேலைக்குத் திரும்பினார். பலகைகளை வானில் இருந்து நான் இறக்குவதாகச் சொல்லிக் கூடப் போனேன். ஒரு இளம் தம்பதியின் வீடு. மேலே அவர்கள்; கீழே மே மாதம் வாடகைக்கு வரப்போகிற ஒரு குடும்பம். நான் முதல்முறையாக ஒரு பேஸ்மென்டை ஒழுங்காகப் பார்த்தேன் என்று சொல்லவேண்டும். இலங்கையில் இருந்து வந்து இறங்கி என் தாய் தகப்பன் வாழ்ந்தது இப்படி ஒன்றில்தான். நான் பிறந்து முதலில் கொண்டுவரப்பட்டதும் அங்கேதான். உயரத்தில் ஒரு சின்ன யன்னல், அதற்கு வெளியே பனிக் குவியல். நான் பார்த்துவிட்டு வந்த ஊரில் வீடுகள் நிலத்துக்கு மேலே, வெயிலில், அழகாக உட்கார்ந்திருக்கின்றன. இங்கே புதிதாக வருகிறவனை நிலம் முதலில் தனக்குள் எடுத்து வைத்துக்கொள்கிறது. எது பிள்ளைகளுக்கு ஏற்ற ஊர் என்று கேட்டால் இன்றைக்கும் அந்த மூன்றையும்தான் சொல்வேன். ஆனால் முன்பு போல வேகமாகச் சொல்ல வராது.

கீழே தொலைபேசி வேலை செய்யாது. அதனால் அக்கா எனக்குத்தான் போன் அடித்தாள், நான் பலகை எடுக்க மேலே வந்த நேரம். இரண்டு வசனம். குரல் வேலைநேரக் குரல்.

நான் படியிறங்கிப் போனேன். அத்தான் கடைசிச் சுவரில் பூச்சைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைத் தூசி தலைமயிரிலும் புருவத்திலும்.

"அத்தான், அக்கா ஓமெண்டு சொல்லிட்டா."

தேய்த்த கை நின்றது.

"எப்ப துவங்கவேணுமாம்?"

"ஜூன்."

அவர் சுவரைப் பார்த்தார். உதடு அசைந்தது, கணக்குப் பார்ப்பது போல.

"ஜூன் எண்டா இன்னும் மூண்டு பேஸ்மென்ட் முடிக்கலாம்," என்றார். "உந்த லைற்றை எடுத்துச் சுவரோட ஒட்டிப் பிடி பிள்ளை. பள்ளம் இருந்தா தெரியும்."

நான் பிடித்தேன்.